வாங்கும் விலையும் அசல் விலையும்

ஜூன் 8, 2025, ஞாயிறு

அக்கா மகன் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். கை கழுவிய கையோடு போனை நீட்டினான். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்." 2012 மாடல் பி.எம்.டபிள்யூ இசட்4. இரண்டே இருக்கை. பொத்தானை அழுத்தினால் கூரை மடங்கிப் பின்னால் போய்விடும். புதிதாக ஒரு நடுத்தர எஸ்.யூ.வி. வாங்கும் பணத்துக்கு இதைத் தருகிறார்களாம்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 2023 பிப்ரவரியில் இங்கே ஹைதராபாத்தில் உசேன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தபோது அவனோடு நானும் போய் நின்றவன். வேகமான கார் மேல் ஆசை வருவது நல்ல ஆசைதான். ஆனால் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்த மாமாவிடம் கேட்டால் கணக்குதான் வரும். கார் பழசாக ஆக அதன் விலை இறங்கும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. இது முழுசாக இறக்குமதியான வண்டி. ஹெட்லைட் உடைந்தால், கூரையைத் தூக்கும் மோட்டார் பழுதானால், பணிமனையில் கேட்கப்போவது புதுக் காருக்குக் கேட்கும் அதே பணம். புதிதாக அதை வாங்க முடியாதவன் பழசாக வாங்கலாம்; பராமரிப்பது வேறு விஷயம்.

ஜூன் 11, புதன்

வண்டி வெளி மாநிலப் பதிவு என்று இன்று சொல்கிறான். தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) "அப்புறம் வரும்" என்றாராம் தரகர். அப்புறம் வரும் காகிதத்தை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவு. ஆயுள் வரியும் இங்கே கட்ட வேண்டும். தெலங்கானாவில் 2022இல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள், ஆனால் கணக்கு தொடங்குவது அசல் விலையிலிருந்து. அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெற அந்த மாநில ஆர்.டி.ஓ.வுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

போன மாதம்தான் இதே ஊர்ச் சொகுசுக் கார் வியாபாரி ஒருவரை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் (டி.ஆர்.ஐ.) கைது செய்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வாங்கிய கார்களை துபாய், இலங்கை வழியாகக் கொண்டுவந்து, விலையைக் குறைத்துக் காட்டிச் சுங்க வரியை ஏய்த்தார் என்பது குற்றச்சாட்டு. அப்படி வந்த வண்டியைத் தெரியாமல் வாங்கியவன் நிலைமையை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. இறக்குமதிக் காகிதத்தோடும் ஒப்பிட வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

வண்டியைப் பார்த்தோம். அழகு, சந்தேகமே இல்லை. நீண்ட மூக்கு, பின்சக்கரத்தை ஒட்டி உட்காரும் இருக்கை. ஓடிய கிலோமீட்டர் ரொம்பக் குறைவு என்று தரகர் பெருமையாகச் சொன்னார். நான் குனிந்து டயரைப் பார்த்தேன். பட்டன் தேயவே இல்லை. பக்கவாட்டில் சின்ன முட்டை வடிவத்துக்குள் நாலு எண்: 3017. 2017ஆம் ஆண்டின் 30ஆவது வாரம் செய்த டயர். எட்டு வருஷமாகிறது. விரலால் அழுத்தினால் ரப்பர் கட்டை மாதிரி இருக்கிறது, பள்ளங்களில் மயிரிழை விரிசல். நாலையும் தூக்கிப் போட வேண்டியதுதான். இது ரன்ஃபிளாட் டயர் போடும் கார், ஸ்டெப்னி கிடையாது. சாதாரண டயர் விலையை நினைத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாது. ஓடாமல் நின்ற வண்டியில் கூரை ரப்பரும் பேட்டரியும் இதே கதியில்தான் இருக்கும்.

அவன் வார இறுதியில் தார்நாகாவில் என் வீட்டுக்கு வருவது உஸ்மானியா பல்கலைக்கழக வளாகம் வழியாக. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிப் போட்டால் இந்த மாதிரித் தாழ்ந்த காரும் மெல்ல ஏறி இறங்கிவிடும். நம் தெருக்களில் ஒரே இரவில் கொட்டிய கான்கிரீட் மேட்டில் அடி தட்டும்.

ஜூன் 19, வியாழன்

இன்ஷூரன்ஸ் விஷயம் பேசினோம். சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான். பம்பர் பிளாஸ்டிக். பழைய வண்டிக்கு, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் தரப் பல கம்பெனிகள் யோசிக்கும். தண்ணீர் தேங்கிய சாலையில் இன்ஜின் நின்று, மறுபடி ஸ்டார்ட் செய்து கெடுத்தால் தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும். 2020 அக்டோபர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசை என்றான். பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசியில் சேராது. அங்கே ஏதாவது ஆனால் அவன் கைக்காசுதான். அதற்குப் பதில் காட்கேசரில் ஏறினால் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது, கார்களுக்கு 120 வரை அனுமதி. அதிகாலையில் கூரையைத் திறந்துகொண்டு போகலாம். அந்தச் சுகத்துக்காகவே வாங்கலாம் என்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

அந்த வண்டியை விட்டுவிட்டான். தெலங்கானா பதிவிலேயே இன்னொரு இசட்4 இருக்கிறதாம். விலை கொஞ்சம் கூட, சர்வீஸ் பில்கள் வரிசையாக இருக்கின்றன. எனக்கு இதுதான் பிடித்தது. டோக்கன் கொடுக்கும் முன்னால், கார் விலையில் கால் பங்கை டயர், பிரேக், கியர்பாக்ஸுக்கென்று வங்கியில் தனி வைப்பாகப் போடச் சொன்னேன். அதற்குப் பணம் போதாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கட்டும். "போட்டுடறேன் மாமா" என்றான். புதன்கிழமை அதை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பார்க்க, இந்தக் கார்களைப் பழகிய மெக்கானிக்கிடம் நேரம் வாங்கியாயிற்று.