அடையாளம் பெற்ற அணு

நோயுற்றபோது மருந்து உண்கின்றோம். நோய் நீங்கியதும் மருந்தை மறந்துவிடுகின்றோம். வாய் வழியே சென்ற அப்பொருள் உடலுள் எங்கெங்கே உலவியது, எதனைத் தொட்டது, எவ்வாறு துன்பத்தைத் தணித்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு எண்ணும் பழக்கம் எனக்கு இளமையிலேயே ஏற்பட்டது.

எங்கள் ஊர் மருந்தகத்தில் முதியவர் ஒருவர் கம்பவுண்டராக இருந்தார். ஒரு நாள் அவரிடம், "ஐயா, தலைவலி மாத்திரை வயிற்றுக்குள் அல்லவா போகிறது? தலைக்குச் செல்லும் வழி அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வழி ஒன்றும் தெரியாது, தம்பி. இரத்தத்தோடு கலந்து உடம்பெல்லாம் சுற்றும், வேலையை மட்டும் வேண்டிய இடத்தில் செய்யும்" என்றார். உடம்பெல்லாம் சுற்றும் பொருள் சில இடங்களில் மட்டும் வேலை செய்வது ஏன்? அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. பிற்காலத்தில் நூல்களைக் கற்றபோது, பேரறிஞர் பலரையும் அதே வினா ஆட்கொண்டிருந்தது கண்டு வியந்தேன்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த லாங்லி என்பார் 1905-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை கூறினார். நிக்கோட்டின் தசையைச் சுருங்கச் செய்தது. குராரே என்னும் நஞ்சு அச்சுருக்கத்தைத் தடுத்தது. இரண்டும் தசையில் உள்ள ஒரே பொருளைப் பற்றுவதற்குப் போட்டியிடுகின்றன என்று அவர் முடிவு செய்தார். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக்கும் இத்தகைய கருத்தையே வலியுறுத்தினார். மருந்தை ஏற்றுக்கொள்ளும் அப்பொருளை இன்று ஏற்பி என்கின்றோம். ஏற்பி பூட்டுப் போன்றது. மருந்து சாவி போன்றது. சாவி தெருவெல்லாம் அலையலாம். ஆயினும் தனக்குரிய பூட்டு உள்ள வீட்டில்தான் கதவு திறக்கும்.

கருத்து அழகியதுதான். ஆயினும் அந்தப் பூட்டு இருக்கிறது என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? கண்ணுக்குப் புலப்படாத மருந்து, கண்ணுக்குப் புலப்படாத ஏற்பியைப் பற்றுகிறது. இதனை அளந்து காட்டும் வழி வேறொரு துறையிலிருந்து வந்தது.

ஹங்கேரி நாட்டில் பிறந்த ஹெவிசி, இளைஞராக மான்செஸ்டர் நகரில் ரூதர்போர்டிடம் பணியாற்றினார். ஈயத்தோடு கலந்திருந்த ஒரு கதிரியக்கப் பொருளைப் பிரித்தெடுக்குமாறு ரூதர்போர்டு அவரிடம் கூறினார். எவ்வளவு முயன்றும் பிரிக்க இயலவில்லை. ஏனெனில் அப்பொருளும் ஈயத்தின் மற்றொரு வகையே. பிரிக்க இயலாத அப்பொருளையே ஈயம் செல்லும் வழியைக் காட்டும் அடையாளமாகக் கொண்டால் என்ன என்று ஹெவிசி எண்ணினார். 1923-ஆம் ஆண்டில் அவரைச் செடியின் வேரில் கதிரியக்க ஈயத்தை ஊட்டி, அது தண்டிற்கும் இலைக்கும் செல்வதை அளந்து காட்டினார். தாம் தங்கியிருந்த விடுதியில் முதல் நாள் மிஞ்சிய உணவே மறுநாளும் படைக்கப்படுகிறது என ஐயுற்று, மிச்ச உணவில் சிறிது கதிரியக்கப் பொருளை இட்டு உண்மையை வெளிப்படுத்தினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. வேதியியலுக்கான 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இம்முறையின் நுட்பத்தை அறியச் சலவைக் குறியை நினைத்துக்கொள்ளுங்கள். பல வீட்டுத் துணிகள் ஒன்றாகத் துவைக்கப்படுகின்றன. சட்டையின் மூலையில் இட்ட சிறு குறியினால் அது எவ்வீட்டுச் சட்டை என்பது தெரிகிறது. ஆனால் குறியினால் சட்டையின் அளவோ துணியோ மாறுவதில்லை. மருந்தின் ஒரு மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன் அணுவை நீக்கி, அவ்விடத்தில் டிரிடியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜனை அமைத்தாலும் அவ்வாறே. மருந்தின் வடிவம் மாறாது. உடலும் வேற்றுமை காணாது. டிரிடியம் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். அது வெளிவிடும் கதிர் நம் தோலைக்கூட ஊடுருவாத அளவு மெலிந்தது. ஆயினும் தக்க திரவத்தில் இட்டால் அக்கதிர் நுண்ணிய ஒளிப்பொறிகளை எழுப்பும். அவற்றை ஒரு கருவி ஒவ்வொன்றாக எண்ணிவிடும். பொறிகளின் எண்ணிக்கையே மருந்தின் அளவைச் சொல்லும்.

இக்கருவியின் துணையோடு அறிஞர் தேடிய பூட்டுகளுள் ஒன்று என் நெஞ்சுக்கு நெருக்கமானது. என் அத்தை புற்றுநோயால் துன்புற்ற இறுதி நாள்களில், வலி பொறுக்காமல் இரவெல்லாம் விழித்திருப்பார். மருத்துவர் மார்ஃபின் ஊசி இட்டபின்தான் அவர் கண் அயர்வார். உறங்கும் அத்தையின் அருகில் மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தவாறு நெடுநேரம் நிற்பதைக் கண்டு காரணம் கேட்டேன். "மூச்சை எண்ணுகிறேன், தம்பி. வலியைத் தணிக்கும் இம்மருந்து அளவு மிஞ்சினால் மூச்சையும் தணித்துவிடும்" என்றார் அவர். ஒரே பொருள் அருமருந்தாகவும் கொடுநஞ்சாகவும் இருப்பதன் பொருளை அன்று நேரில் கண்டேன்.

மார்ஃபின், கசகசாச் செடியின் காயிலிருந்து வடியும் அபினில் உள்ளது. அதற்குரிய ஏற்பியைத் தேடியவர்கள் ஓர் இடையூற்றைக் கண்டனர். அடையாளமிட்ட மருந்தை மூளைத் திசுவோடு கலந்தால், அது கண்ட கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பில் ஒட்டும், வடிதாளில் ஒட்டும், கண்ணாடியிலும் ஒட்டும். இவ்வளவு ஒட்டுதலில் உண்மையான பற்றுதல் எது? ஒட்டுவது வேறு, பொருந்துவது வேறு அன்றோ?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோல்ட்ஸ்டைன் 1971-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி காட்டினார். இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் ஒரே தோலால் ஆனவை. எனினும் ஒன்று மற்றக் காலுக்குப் பொருந்தாது. மருந்துகளிலும் இத்தகைய இணைகள் உண்டு. லெவார்பனால் வலியைத் தணிக்கும்; கண்ணாடியில் தெரியும் அதன் நிழல் போன்ற டெக்ஸ்ட்ரார்பனுக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. கண்டபடி ஒட்டும் இடங்களில் இரண்டும் ஒரே அளவில் ஒட்டும். உண்மையான ஏற்பியிலோ ஒன்றுதான் பொருந்தும். ஆகவே, இரண்டிற்கும் உள்ள வேற்றுமையே உண்மைப் பற்றுதலின் அளவாகும்.

பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், சாலமன் ஸ்னைடரும் அவருடைய மாணவியார் கேண்டஸ் பெர்ட்டும் இவ்வழியில் சென்றனர். முதலில் மார்ஃபினை ஒத்த ஒரு பொருளைக் கொண்டு முயன்றனர், பயன் கிட்டவில்லை. பின்னர், மார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் என்னும் மருந்தில் டிரிடியத்தை அமைத்தனர். எலியின் மூளையை அரைத்துக் கரைத்து அம்மருந்தோடு கலந்தனர். கண்ணாடி இழை வடிதாளில் விரைவாக வடித்துக் குளிர்ந்த நீர்மத்தால் கழுவினர். மெதுவாகக் கழுவினால் பொருந்தியதும் கழன்றுவிடும். கழுவாவிட்டால் சும்மா ஒட்டியதும் எஞ்சிவிடும். பின்னர் வடிதாளில் தங்கியதை எண்ணினர். லெவார்பனால் சேர்த்த குழாயில் எண்ணிக்கை குறைந்தது. அம்மருந்து நலாக்ஸோனை அதன் இருக்கையிலிருந்து விலக்கியிருந்தது. அதே விளைவைப் பெற டெக்ஸ்ட்ரார்பன் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதியாக வேண்டியிருந்தது. பூட்டு உண்டு என்பது உறுதியாயிற்று!

1973-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும், சுவீடனில் உப்சாலா நகரில் லார்ஸ் டெரனியசும் தனித்தனியே இதே முடிவை எய்தினர். உடனே புதியதொரு வினா எழுந்தது. ஒரு செடியின் பாலுக்கு மூளையில் பூட்டு இருப்பானேன்? உடல் தானே இதற்குரிய சாவியைச் செய்கிறதோ? ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் ஹியூசும் காஸ்டர்லிட்சும் 1975-ஆம் ஆண்டில் பன்றியின் மூளையிலிருந்து என்கெபலின் என்னும் அப்பொருளைக் கண்டறிந்தனர். வலி தணிக்கும் மருந்தை நம் மூளை தானே ஆக்கிக்கொள்கிறது என்பதை உலகம் அறிந்தது.

இம்முறை புதிய மருந்துகளைத் தேடுவோர்க்கும் பெருந்துணையாயிற்று. அடையாளமிட்ட மருந்து ஏற்பியில் அமர்ந்திருக்கும்போது, சோதிக்க வேண்டிய புதுப்பொருளைச் சேர்க்கின்றனர். பொறிகளின் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வலிமையாகப் புதுப்பொருள் அவ்விடத்தைப் பற்றுகிறது எனலாம். சிறிதளவு திசுவைக் கொண்டே பல பொருள்களை இவ்வாறு சோதிக்கலாம். பற்றுதல் மட்டுமே முழு உண்மையைச் சொல்லிவிடாது. மார்ஃபினும் பற்றுகிறது, நலாக்ஸோனும் பற்றுகிறது; ஒன்று பூட்டைத் திறக்கிறது, மற்றொன்று துளையை அடைத்து நிற்கிறது. அளவு மீறிய அபின் மருந்தால் மூச்சு ஒடுங்கியவருக்கு நலாக்ஸோனைக் காலத்தில் கொடுத்தால் மூச்சு மீள்கிறது. அடைத்து நிற்பதும் உயிரைக் காக்கும் தொண்டாக அமைவது வியப்பன்றோ!

மூச்சை ஒடுக்காது வலியை மட்டும் தணிக்கும் மருந்தை அறிஞர் இன்றும் தேடி வருகின்றனர். இரண்டும் பெரும்பாலும் ஒரே வகை ஏற்பியின் வழியே நிகழ்வதால் அத்தேட்டம் எளிதன்று. ஆயினும் பூட்டு எது என்று தெரியாமல் இருளில் துழாவிய காலம் கழிந்தது.

அணுவின் ஆற்றல் 1945-ஆம் ஆண்டில் இரண்டு நகரங்களை அழித்ததை நாம் அறிவோம். அதே அணு சோதனைக் குழாயில் சிறு பொறியாய் மின்னி, நோயாளியின் துயர் தீரும் வழியையும் காட்டுகின்றது. இவ்வரலாற்றில் நான் பெரிதும் போற்றுவது அப்பொறியை மட்டுமன்று. எண்ணிக்கை மிகுந்தது கண்டு மயங்காமல், பொய்யாக ஒட்டியதைக் கழித்து மெய்யாகப் பொருந்தியதை மட்டும் கொண்ட நேர்மையையும் போற்றுகின்றேன். கூட்டிப் பெருக்கிக் காட்டுவது எளிது. கழிக்க வேண்டியதைக் கழித்தபின் எஞ்சுவதே அறிவு.