ஒரு ளகரத்தின் குறும்பு

ஜவுளி வியாபாரம் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் எவரும் விளக்கம் கேட்பதில்லை. ஆசிரியர், தையற்காரர், மருத்துவர் எவருக்கும் இந்தத் தொல்லை கிடையாது. மென்பொருள் எழுதுகிறேன் என்பவனிடம் மட்டும், “எழுதுகிறீர்களா? எந்தப் பத்திரிகையில்?” என்ற வினா எழுகிறது. 22 ஆண்டுகளாக இத்தொழிலில் உழலும் நான், இக்கேள்விக்கு நிறைவான விடையொன்றை இன்னும் கண்டறிந்தேனில்லை.

எங்கள் ஊரார் ஒருவாறு தாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டனர். மின்சாரத்தால் இயங்கும் எந்தப் பொருளையும் பழுதுபார்க்க வல்லவன் நான் என்பதே அம்முடிவு. விடுமுறையில் ஊருக்குச் சென்றால், பெரியத்தா தொலைக்காட்சிப் பெட்டியின் ரிமோட்டுடன் வந்து அமர்வார். அதில் மின்கலம் தீர்ந்திருக்கும். அடுத்து ஒரு மாமி, கைப்பேசியில் மகனுடைய படம் காணாமற் போயிற்று என்பார். ஒருமுறை குளிர்சாதனப் பெட்டியைக்கூட என்னிடம் காட்டினார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டால், “கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?” என்று வியப்பர். அவ்வியப்பில் என் பட்டத்தைப் பற்றிய ஐயமும் சிறிது கலந்திருக்கும்.

தொழிலுக்குள் இருக்கும் தொல்லைகளோ வேறு வகையின. கணிப்பொறி சொன்னதைச் சொன்னபடி செய்யும். நாம் கருதியது இன்னது என்று அது உய்த்துணராது. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் ஓர் இரவு போயிற்று. இவ்வகைக் கோளாறுகளை எங்கள் தொழிலில் ‘பூச்சி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால், ‘பக்’ என்று, வழங்குகிறோம். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் கணிப்பொறியின் உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கி இறந்து கிடந்ததைக் கண்டெடுத்து, நாட்குறிப்பேட்டில் அதை ஒட்டியே வைத்துவிட்டார்கள். அதிலிருந்துதான் அச்சொல் பிறந்தது என்று பலர் கூறுவர். அது சரியன்று, எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் அச்சொல்லை இப்பொருளில் கையாண்டிருக்கிறார். ஹார்வர்டு நண்பர்கள் செய்தது, பழைய சொல்லுக்கு உண்மைப் பூச்சியே கிடைத்ததென்று நகைத்ததுதான். நகைக்கும் அளவுக்கு அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

காலக்கெடு என்ற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிரெட் புரூக்ஸ் என்பவர், ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் மென்பொருட் பணியொன்றை நடத்திய அனுபவத்தைக் கொண்டு 1975இல் ஒரு நூல் வெளியிட்டார். பிந்திப்போன மென்பொருட் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்பது அதில் அவர் கண்ட முடிவு. புதிதாக வருவோர்க்குப் பழையவர்கள் பாடம் நடத்த வேண்டும்; பேச வேண்டியவர்களின் தொகையும் பெருகிவிடும். இந்நூலைப் படித்த மேலாளர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். பணி பிந்தியதும் அவர்களும் ஆட்களைச் சேர்க்கத்தான் செய்தார்கள்.

பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஒருவனுக்கு ஒரு பெயர் உண்டு. அதன் முன்னே தகப்பனார் பெயரின் முதலெழுத்து நிற்கும். மேல்நாட்டார் வகுத்த படிவங்களோ முதற்பெயர் ஒன்றும் குடும்பப் பெயர் ஒன்றும் தந்தாலன்றி மேலே செல்ல விடுவதில்லை. அதனால் கடவுச்சீட்டு தொடங்கி அலுவலக அடையாள அட்டை வரை, என் தகப்பனார் பெயர் எப்படியோ முன்னே போய் நின்றுவிட்டது. வெளிநாட்டுச் சகாக்கள் என்னை என் அத்தாவின் பெயரால்தான் விளிக்கிறார்கள். அப்பெயரை இட்டு, “இந்த வேலையை ஏன் இன்னும் முடிக்கவில்லை?” என்று கேட்டுக் கடிதம் வரும்போது, வாழ்நாளில் எந்தக் கடமையையும் நாளை என்று தள்ளியறியாத அம்மனிதருக்கு இந்த அவப்பெயர் வேண்டுமா என்று மனம் வருந்தும். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயர், இலத்தீனில் திரிந்து ‘அல்காரிதம்’ ஆனது என்பதை எண்ணி ஆறுதல் கொள்வேன். அவருக்காவது திரிந்த பெயரால் புகழ் கிடைத்தது.

நம்மவர் பெயர்களைத் தமிழில் எழுதுவதிலுள்ள வண்ணங்களைச் சொல்லவே வேண்டியதில்லை. முஹம்மது, முகம்மது, முகமது என்று ஒரே குடும்பத்தில் மூன்று சகோதரர் மூன்று விதமாக எழுதுவர். மனிதர் எவரும் இதனால் குழம்புவதில்லை. கணிப்பொறிக்கோ இவர்கள் மூவரும் மூன்று குலத்தார். எனினும் இவை கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள். கண்ணுக்கே தெரியாத வேறுபாடொன்று உண்டென்பதை, எங்கள் தெருவில் ஒரு கைம்பெண்ணுக்கு நேர்ந்த துன்பத்தால் அறிந்தேன்.

அவருக்கு ஓர் அறநிலையத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை வந்துகொண்டிருந்தது. மருந்துக்கும் அரிசிக்கும் அதுவே ஆதாரம். அந்நிலையத்தார் பழைய பட்டியல்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினார்கள். அதன்பின் அவர் சென்றபோதெல்லாம், எழுத்தர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்கள் பெயர் பட்டியலில் இல்லையே அம்மா” என்று மரியாதையாகத்தான் சொன்னார். மூன்று மாதங்கள் இவ்வாறு சென்றன. வசதியுள்ளவள் என்று எவரோ தம்மைப் பற்றிக் கோள்மூட்டியிருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். அந்த ஐயம் அடுத்த வீட்டுக்காரி மேல் விழுந்தது. 30 ஆண்டுகளாகக் குழம்பும் கறியும் கிண்ணத்தில் மாறிச் சென்ற இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சு நின்றுபோயிற்று.

அம்மா சொல்லித்தான் இதைக் கேள்வியுற்றேன். விடுமுறை நாளொன்றில் அவரோடு அங்கே சென்று, பட்டியலை அச்சிட்டுத் தரும்படி கேட்டேன். அச்சிட்ட தாளின் மூன்றாம் பக்கத்தில் அவர் பெயர் தெளிவாக இருந்தது! எழுத்தரும் கண்டார், திகைத்தார். மீண்டும் பெயரைத் தட்டினார். இல்லை என்றே கணிப்பொறி மறுத்தது. தாளில் இருக்கிறது, தேடினால் இல்லை.

அவர் பெயர் ‘பௌ’ என்று தொடங்குவது. இங்கேதான் குறும்பு ஒளிந்திருந்தது. தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலிருந்தே இடம் தந்திருக்கிறது. அதன்படி ‘பௌ’ என்பது பகரமும் ஔகாரக் குறியுமாக இரண்டே குறியீடுகள். ஆனால் பகரத்துக்கு எகரக் கொம்பை இட்டு, பக்கத்தில் ளகர மெய்யின் புள்ளியில்லா வடிவத்தை, அதாவது ‘ள’வை வைத்தாலும் பார்வைக்கு அதே உருவந்தான் வரும், குறியீடுகளோ மூன்று. அந்நாளைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் பிற்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவத்தையே பயன்படுத்தினார்கள். அச்சில் ஒன்றாகத் தெரிந்தால் போதுமென்றிருந்த காலம் அது. பட்டியலை மாற்றியபோது ளகரம் ளகரமாகவே குடியேறிவிட்டது. எழுத்தர் முறையாக ஔகாரம் இட்டுத் தேடுகிறார். பெட்டிக்குள் இருப்பதோ ளகரம். கண்ணுக்கு இரட்டையர், கணிப்பொறிக்கு அந்நியர்.

பட்டியலைத் துழாவினேன். நௌ, மௌ, தௌ, கௌ என்று தொடங்கும் பெயருடையோர் மேலும் 17 பேர் இவ்வாறே மறைந்திருந்தார்கள். ‘மௌ’ என்றெழுதாமல் ‘மவு’ என்றெழுதியவர்கள் தப்பிப் பிழைத்திருந்தனர். நம் எழுத்துக் குழப்பங்களால் ஒருவர் நன்மையடைந்ததை அன்றுதான் கண்டேன்.

அந்நிலையத்துக்கு மென்பொருள் செய்துதந்த இளைஞர் நல்லவர், சுறுசுறுப்பும் மிக்கவர். செய்தியைச் சொன்னதும், கொம்புக்குப் பின் வரும் ளகரங்களையெல்லாம் ஒரே கட்டளையில் ஔகாரமாக்கிவிட்டார். பௌ சரியாயிற்று. ஆனால் ‘வெள்ளிக்கிழமை’யில் கொம்பும் ளகரமும் தத்தம் சொந்த உரிமையில் நிற்பவை அல்லவா? கட்டளை அவற்றையும் விட்டுவைக்கவில்லை. அன்று பிற்பகல் திரையெங்கும் வெள்ளிக்கிழமை சிதைந்து, அதன் புள்ளி ஒரு வெற்று வட்டத்தின் மேல் அந்தரத்தில் தொங்கிற்று. ‘தெளிவு’ என்ற சொல்லிலும் தெளிவில்லாமற் போயிற்று. மாலை முழுதும் அமர்ந்து பழைய நிலைக்குக் கொணர்ந்தோம். ளகரத்தைத் தொடர்ந்து புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றையும் எழுத்தர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்பிய பின்னரே மாற்றினோம். எவ்வளவு பெரிய கணிப்பொறியாயினும் கடைசியில் மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் தேவைப்படுகிறார்.

அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். குறியீடுகளின் வரிசையை அப்படியே நம்பி அடுக்கினால் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் வந்து நிற்கும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த சட்டகம் அது. நம் நெடுங்கணக்கில் அவ்விரண்டும் ஈற்றில் நிற்பவை. இதையெல்லாம் கல்லூரிகளில் யார் கற்பிக்கிறார்கள்?

அந்த அம்மையாருக்கு நின்றுபோன மூன்று மாதத் தொகையும் சேர்த்தே தந்தார்கள். வீட்டுக்கு வந்து, “என் பெயரில் என்ன தம்பி குற்றம் இருந்தது?” என்று கேட்டார். ஒரு தாளில் இரண்டு எழுத்துகளையும் எழுதிக் காட்டினேன்.

“இரண்டும் ஒன்றுதானே?”

“கண்ணுக்கு ஒன்றுதான் மாமி. கணிப்பொறிக்குத்தான் வேறு.”

அவர் தாளைச் சிறிது நேரம் பார்த்தார். “அப்படியானால் யாரும் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?”

“எவரும் எதுவும் சொல்லவில்லை மாமி.”

தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பணத்தைப் பற்றி மேலும் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை ஒரு கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அவர் அடுத்த வீட்டுப் படியேறியதாக அம்மா சொன்னார்.