தீவாந்தரம் போனவரும் போகாதவர்களும்

சென்னை பார்க் ரயில் நிலையத்துக்கு அருகே இன்று மருத்துவக் கல்லூரியின் உயரமான கட்டடங்கள் நிற்கும் இடத்தில், 2009 வரை மத்திய சிறைச்சாலை இருந்தது. 1837இல் கட்டியது. அந்தமானுக்கு அனுப்ப வேண்டிய கைதிகளைக் கப்பல் ஏற்றும்வரை அடைத்துவைத்த இடமும் அதுதான். போர்ட் பிளேர் செல்லுலார் சிறைக்கு இந்தக் கரையில் இருந்த வாசல் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கரையில் இருந்ததை முதலில் பார்ப்போம். 1896இல் தொடங்கி 1906இல் முடித்த கட்டடம். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து ஏழு பக்கமும் பிரியும் மூன்றடுக்கு வரிசைகள். ஏறக்குறைய 700 தனியறைகள். ஒரு வரிசையின் கதவுகள் அடுத்த வரிசையின் முதுகைப் பார்த்திருக்கும். எதிரே இன்னொரு மனித முகம் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தால் நெஞ்சு பதறும். இரும்புக் கம்பி கதவைத் தாண்டி நீண்டு, பக்கச் சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. உள்ளே இருப்பவன் கம்பிகளுக்கு இடையே எவ்வளவுதான் கையை நீட்டினாலும் பூட்டு எட்டாது. உயரத்தில் ஒரு சிறு சாளரம். அவ்வளவுதான்.

சாவர்க்கர் முதல் வங்கப் புரட்சியாளர்கள் வரை அங்கே இருந்தவர்களைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அந்தமான் என்ற தண்டனைத் தீவு அவர்களை மட்டும் கொண்டதல்ல. கொலை, கொள்ளை, கள்ளக் கையெழுத்து என்று தண்டனை பெற்று வந்தவர்களே அங்கே மிகுதி. அவர்களில் ஒருவருடைய பெயர் தமிழ்நாட்டில் இன்றும் அடிபடுகிறது: சி.என். லட்சுமிகாந்தன்.

கோர்ட்டுக்குக் கேஸ் பிடித்துக் கொடுக்கும் தரகராக இருந்தவர் அவர். போலிப் பத்திர வழக்கில் சிறை சென்றார். நடுவே தப்பியோடிப் பிடிபட்டதில், அந்தமானுக்கு அனுப்பினார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியர் அந்தத் தீவுகளைப் பிடித்தார்கள். போர்க்காலக் குழப்பத்தில் சென்னை திரும்பிய லட்சுமிகாந்தன் 1943இல் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. எழுதாமல் இருக்கவும் பணம் வாங்கினார் என்று பேச்சு. அரசு அதை நிறுத்தியதும் ‘இந்துநேசன்’ வழியே எழுதினார். 1944 நவம்பர் 8ஆம் தேதி வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது கத்திக்குத்து. மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார்.

அதன்பின் நடந்ததுதான் இன்னும் ஆறாத கதை. கொலை வழக்கில் நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் ‘கலைவாணர்’ என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். இருவரும் நடித்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது; அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் இருவரும் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். 1945 மே மாதம் ஜூரிகள் பெரும்பான்மையாகக் குற்றவாளிகள் என்றார்கள். நீதிபதி விதித்தது தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்த தீவுக்கு அனுப்புவது. ஆயுள் தண்டனைக்கு அன்றைய சட்டத்தில் அதுவே வடிவம், 1955இல்தான் மாற்றினார்கள். ஆனால் அனுப்பத் தீவு கையில் இல்லை. அந்தமான் அப்போதும் ஜப்பானியரிடம் இருந்தது. ஆகவே தண்டனை தாய்மண்ணிலேயே கழிந்தது. லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன வழக்கு உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. பாகவதரின் புகழ் பழையபடி எழவே இல்லை. கலைவாணர் 1957இலும் பாகவதர் 1959இலும் காலமானார்கள், லட்சுமிகாந்தன் உயிர்விட்ட அதே பொது மருத்துவமனையில். சென்னை மத்திய சிறைக்கு அது பக்கத்து வளாகம்.

அதே சிறைக்குப் பின்னாளில் திருவான்மியூரிலிருந்து வந்தவர் தொடர் கொலையாளி ஆட்டோ சங்கர். 1990 ஆகஸ்ட்டில் அங்கிருந்து தப்பி, பிடிபட்டு, 1995இல் சேலத்தில் தூக்கிலிடப்பட்டார். அவர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடலாமா என்ற வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அந்தரங்க உரிமைக்கும் பத்திரிகை உரிமைக்கும் இன்றும் மேற்கோள். ஐம்பதாண்டு முன்பு லட்சுமிகாந்தன் எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த விடை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு சிறைகளின் நிலமும் மருத்துவத்துக்குப் போனது. செல்லுலாரின் ஏழு வரிசைகளில் நான்கு இடிந்தும் இடிக்கப்பட்டும் போயின; வளாகத்தில் 1963இல் மருத்துவமனை வந்தது. ஆனால் அங்கே சிறையிருந்தவர்களே திரண்டு எதிர்த்ததால் மூன்று வரிசைகளும் கோபுரமும் தப்பின. 1979இல் அது தேசிய நினைவுச்சின்னமும் ஆனது. சென்னையில் கைதிகளை 2006இல் புழலுக்கு மாற்றினார்கள். இடிக்கும் முன், 2009இல், பொதுமக்களைச் சில நாள் உள்ளே விட்டார்கள். சனம் அலைமோதியது. பிறகு எல்லாம் தரைமட்டம்.

மருத்துவக் கல்லூரிக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு கொட்டடியையாவது, ஒரு வாசலையாவது விட்டுவைத்திருக்கலாம் என்பதே என் வருத்தம். தியாகராய நகரில் கலைவாணருக்குச் சிலை இருக்கிறது. 1969 ஜனவரியில் அண்ணா திறந்து வைத்தது. கலைவாணர் அடைபட்டிருந்த காலத்தைச் சொல்ல ஒரு கல் இல்லை. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் சிறை நின்ற இடத்தைக் காட்டும் கல்வெட்டு ஒன்றை அரசு நிறுவ வேண்டும். அதில் இங்கே சிறையிருந்த தலைவர்களின் பெயரோடு, இங்கிருந்து கப்பலேறிய பெயர் தெரியாத கைதிகளையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.