வௌவால் தட்டு

எங்கள் வீட்டுத் தாழ்வாரச் சுவரில் ஒரு பீங்கான் தட்டு மாட்டியிருந்தது. தாத்தா பிரெஞ்சுக்கார முசியே ஒருவர் வீட்டில் சமையல்காரர். 1954-இல் அந்தக் குடும்பம் ஊருக்குக் கப்பலேறியபோது கொடுத்துவிட்டுப் போனது. நடுவில் பீச் பழங்கள், விளிம்பில் சிவப்பாக ஐந்து வௌவால்கள்.

முசியே அதை 'கொம்பாஞி தேஸேந்த்' பீங்கான் என்பாராம். பெயர்தான் இந்தியக் கம்பெனி. இந்த வகைப் பீங்கான் பெரும்பாலும் சீனாவில் ஜிங்தேஜென் ஊரில் செய்தது. பலவற்றுக்குக் கான்டன் துறைமுகத்தில்தான் வண்ணம் தீட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கப்பல்களில் பீங்கானை அடியில் அடுக்கி, மேலே தேயிலைப் பெட்டிகளை வைப்பார்கள். தண்ணீர் கசிந்தாலும் பீங்கானுக்கு என்ன?

1966-இல் அப்பா படுத்த படுக்கையானார். பார்க்க வந்த ஒரு அம்மாள் தட்டைப் பார்த்துவிட்டு, "வௌவாலை வீட்டுல மாட்டி வெச்சா விளங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளே அம்மா அதைப் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு எவர்சில்வர் சொம்பு வாங்கிவிட்டார். மூன்றாம் மாதம் அப்பா போய்விட்டார். "முன்னாடியே போட்டிருக்கணும்" என்று அம்மா வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வேலையில் சேர்ந்த பிறகு, ரொமேன் ரோலான் நூலகத்தில் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் அதே மாதிரித் தட்டின் படத்தைப் பார்த்தேன். பிரெஞ்சில் வௌவாலுக்கு 'ஷோவ் சூரி' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வழுக்கை எலி! சீனத்தில் அது 'ஃபூ'. நற்பேற்றுக்கும் அதே உச்சரிப்பு. அதனால் வௌவால் வரைந்தால் வீட்டுக்கு நற்பேறு. தலைகீழாக வரைந்தால் இன்னும் விசேஷம்: 'தலைகீழ்' என்ற சொல்லும் 'வந்து சேர்ந்தது' என்ற சொல்லும் அங்கே ஒரே மாதிரி ஒலிக்கும். பீச் பழம் நீண்ட ஆயுள். மானுக்கு 'லூ', அரசாங்கச் சம்பளத்துக்கும் 'லூ'. எங்கள் தட்டில் மான் இல்லை, ஆனாலும் எனக்குச் சம்பளம் வந்தது.

ஐந்து வௌவால் என்றால் ஐந்து பேறுகள்: ஆயுள், செல்வம், நோயற்ற வாழ்வு, நல்லொழுக்கம், கடைசியாக, காலம் முடிந்து வரும் நல்ல சாவு. அப்பாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

அம்மாவிடம் சொல்லிவிடவேண்டும் என்றுதான் சைக்கிளை வேகமாக மிதித்து வந்தேன். திண்ணையில் உட்கார்ந்ததும் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதே சொம்பு, கழுத்தில் அப்பாவின் பெயரை வெட்டி வைத்திருந்தார். தண்ணீரைக் குடித்தேன். "நூலகத்துல என்ன படிச்சே?" என்று கேட்டார். "சும்மா பேப்பர்தாம்மா" என்றேன்.