எது எவ்வாறிருப்பினும்

கனடா நாட்டின் கியூபெக் மாநிலச் சட்டமன்றம் 2019ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அரசின் சமயச்சார்பின்மை பற்றிய சட்டம் என்பது அதன் பெயர்; 21ஆம் மசோதா என்றே அங்குள்ளோர் இன்றும் அதனைக் குறிப்பிடுவர். அரசு வழக்கறிஞர், காவலர் முதலியோரோடு அரசுப் பள்ளி ஆசிரியரும் பணி நேரத்தில் தம் சமயத்தைக் காட்டும் சின்னம் எதனையும் அணியலாகாது என்பது அதன் சாரம். முஸ்லிம் பெண்ணின் முக்காடு, சீக்கியரின் தலைப்பாகை, யூதரின் சிறு தொப்பி, கிறித்தவரின் கழுத்துச் சிலுவை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின.

எங்கோ பனிநாட்டில் இயற்றப்பட்ட சட்டம் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நாம் தலையில் தொப்பியோடு முப்பதாண்டுக் காலம் தமிழும் அரபியும் கற்பித்து வந்துள்ளோம். நம்மிடம் தமிழ் பயின்றோருள் பாதிக்கு மேற்பட்டவர் பிற சமயப் பிள்ளைகள். நம் தொப்பியைக் கண்டு அவர்களுள் ஒருவரும் கலிமாச் சொல்லவில்லை. புணர்ச்சி விதியைக்கூடப் பலர் கற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு செய்தி. ஆசிரியரின் தலையில் இருப்பது மாணவரின் தலைக்குள் இறங்கிவிடும் என்னும் அச்சம் வகுப்பறையை அறியாதவரின் அச்சம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எனினும் கியூபெக் மக்களைப் பற்றி அவசரப்பட்டுப் பேசுதல் நீதியன்று. அவர்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் கைப்பிடிக்குள் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். பள்ளியும் மருத்துவமனையும் குருமார், கன்னியர் ஆளுகையில் இருந்தன. பெண்கள் மாநிலத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1940இல்தான் பெற்றனர். கனடாவின் பிற மாநிலங்களெல்லாம் அதற்கு முன்பே அவ்வுரிமையை அளித்துவிட்டன. மணமான பெண் கணவனின் துணையின்றித் தன் பெயரில் சட்டச் செயல்களில் ஈடுபட 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் கல்விக்கென ஒரு முழு அமைச்சகமும் அங்கு உருவாயிற்று. 1960இல் ழான் லெசாஜ் ஆட்சிக்கு வந்தது முதல் நிகழ்ந்த இம்மாற்றங்களை அவர்கள் 'அமைதிப் புரட்சி' என்பர். கன்னியரின் அங்கிக்குக் கீழே வளர்ந்த ஒரு மூதாட்டி, தலையை மூடிய இளம் பெண்ணொருத்தியைக் காணும்போது தன் பழைய நாட்களை எண்ணி நடுங்கினால், அந்த நடுக்கம் பொய்யன்று. அதனை மதித்தே நாம் மேலே பேச விரும்புகிறோம்.

அந்த நடுக்கத்துக்கு மருந்து எது என்பதே வினா. கியூபெக் சட்டமன்றத்தில் அவைத் தலைவரின் இருக்கைக்கு மேலே ஒரு சிலுவை தொங்கிற்று. மொரீஸ் டூப்ளெசி முதல்வராயிருந்த 1936இல் அது மாட்டப்பெற்றது. 2019இல் இச்சட்டத்தைக் கொண்டுவந்த பிரான்சுவா லெகோவின் அரசு, அது சமயச் சின்னமன்று, மரபுச் செல்வம் என்று முதலில் வாதாடிப் பின்னர் இணங்கி, அவ்வாண்டு ஜூலையில் அவையிலிருந்து அகற்றிற்று. அகற்றியது சரியே. அவையின் சுவர் அரசின் சுவர். அதில் எந்தச் சமயத்தின் அடையாளமும் இருத்தல் தகாது. ஆனால் ஆசிரியையின் தலை அரசின் சுவர் அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதில்தான் இச்சட்டம் வழி தவறிற்று.

ஏற்கெனவே பணியில் இருந்தோர் அதே பதவியில் அதே கல்விக் குழுவின்கீழ் இருக்கும்வரை தொடரலாம் என்று சட்டம் விலக்களித்தது. உயர்ந்த பதவிக்குச் செல்ல விரும்பினால் முக்காட்டைக் கழற்றியாக வேண்டும். புதியவருக்கோ வாசலே இல்லை. 2021 டிசம்பரில் செல்சி என்னும் சிற்றூரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் முக்காட்டின் காரணமாக வகுப்பறையினின்று அகற்றப்பட்டு வேறு பணிக்கு மாற்றப்பட்டார். அவர் கற்பித்ததில் குறையென்று எவரும் கூறவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் பள்ளி வேலியில் பச்சை நாடாக்களைக் கட்டித் தம் வருத்தத்தைத் தெரிவித்தனர்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. தாய்மார் வேலைக்குச் செல்ல இயலவேண்டும் என்று 1997இல் நாளொன்றுக்கு 5 டாலர் கட்டணத்தில் குழந்தைக் காப்பகங்களைக் கியூபெக் ஏற்படுத்திற்று. அத்திட்டத்தைத் தொடங்கிவைத்த அமைச்சர் பாலின் மரூவா அம்மையார். கனடிய நடுவணரசு 2021இல் அம்முறையையே முன்மாதிரியாகக் கொண்டு நாடு முழுமைக்கும் 10 டாலர் காப்பகத் திட்டத்தை அறிவித்தது. ஏழை, நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதனினும் பெரிய நன்மையை ஓர் அரசு செய்தல் அரிது. அதே அம்மையார் முதல்வரானபின் 2013இல் கொணர்ந்த மசோதாவோ அரசு ஊழியரோடு காப்பகப் பணிப்பெண்ணும் சமயச் சின்னம் அணியக்கூடாதென்றது. 2014 தேர்தலில் அவர் தோற்றதால் அது சட்டமாகவில்லை. ஒரே கரம் ஒரு பெண்ணை வீட்டினின்று வெளியே அழைத்தது. இன்னொரு பெண்ணை வீட்டுக்குள் அனுப்ப முயன்றது.

கனடாவுக்கு 1982 முதல் ஓர் உரிமைச் சாசனம் இருக்கிறதே, அது எங்கே போயிற்று? அங்கேதான் நாம் இக்கட்டுரையை எழுத நேர்ந்த காரணம் இருக்கிறது. சாசனத்தின் 33ஆம் பிரிவு, சாசனத்தில் எது எவ்வாறிருப்பினும் இச்சட்டம் செல்லும் என்று நடுவண் நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ அறிவித்துக்கொள்ள இடந்தருகிறது. மனச்சான்று, சமயம், பேச்சு, கூட்டம், சங்கம் ஆகியவற்றின் உரிமையும், உயிர், உடல் விடுதலை, சமத்துவம் பற்றிய உரிமைகளும் அவ்வொரு வாக்கியத்தால் ஓய்ந்துபோகும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிவிப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்பது ஒன்றே கட்டுப்பாடு. கியூபெக் 2019இல் அவ்வாறு அறிவித்தது, 2024இல் புதுப்பித்தது.

அரபி இலக்கணத்தில் 'இஸ்திஸ்னா' என்றொரு பாடம் உண்டு, விதிவிலக்கைப் பற்றியது. மாணவர் எல்லாரும் வந்தனர், ஸைதைத் தவிர என்பது போன்ற வாக்கியங்களைப் பற்றியது. இலக்கண ஆசிரியர் அவ்வளவில் நிறுத்துவார். உஸூலுல் ஃபிக்ஹு ஆசிரியரோ மேலே செல்வார். உமக்கு நான் பத்து திர்ஹம் கடன்பட்டிருக்கிறேன், பத்தைத் தவிர என்று ஒருவன் சொன்னால் அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? முதல் முறை கேட்கும் மாணவர் ஒன்றுமில்லை என்பர். அறிஞர்களின் தீர்ப்பு முழுப் பத்தும் தரவேண்டும் என்பது. பாதிக்கு மேல் கழிப்பது செல்லுமா என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முழுமையையும் விழுங்கும் விதிவிலக்கு விதிவிலக்கே ஆகாது, அது வீண்பேச்சு என்பதில் அவர்கள் ஒத்த முடிவினர். 33ஆம் பிரிவை வாசிக்கும்போது நமக்கு அந்தப் பத்து திர்ஹமே நினைவுக்கு வருகிறது.

இப்பிரிவைக் கேட்டுப் பெற்றோர் கொடியவர் அல்லர். 1981இல் பியேர் ட்ரூடோவுடன் நடந்த பேச்சில் இதனை வற்புறுத்தியோருள் ஒருவர் சஸ்காட்சுவன் முதல்வர் ஆலன் பிளேக்னி. கனடாவில் முதன்முதல் அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டை 1962இல் மருத்துவரின் வேலைநிறுத்தத்தையும் மீறி நிறைவேற்றிய இடதுசாரி அரசில் இருந்தவர் அவர். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஏழைகளுக்காக இயற்றும் சட்டத்தை நீதிபதிகள் அடித்துவிடலாகாது என்பது அவர் கவலை. அக்கவலையை நாம் மதிக்கிறோம். ஆயினும் வரலாறு என்ன சொல்கிறது? 1982இலேயே கியூபெக் தன் எல்லாச் சட்டங்களுக்கும் ஒரே வீச்சில் இப்பிரிவைப் போர்த்திற்று. காரணம் எதையும் விளக்கத் தேவையில்லை, உரிய சொற்களை எழுதினாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் கூறிற்று. 2022 நவம்பரில் ஒண்டாரியோ அரசு பள்ளித் துப்புரவாளர், எழுத்தர் முதலியோரின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க இப்பிரிவை எடுத்தது. தொழிற்சங்கங்கள் ஒன்றுதிரண்டபின் அச்சட்டத்தைத் திரும்பப் பெற்றது. 2025 அக்டோபரில் அல்பர்ட்டா அரசு வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களை வகுப்பறைக்குத் திருப்பியனுப்ப அதே பிரிவைப் பயன்படுத்திற்று. ஏழையைக் காக்கவென்று செய்த கேடயம் ஏழையின் கூலியின்மேல் விழுந்தது. முக்காட்டுப் பெண்ணின் உரிமை பறிபோனபோது அது முஸ்லிம்களின் பிரச்சினை என்று எண்ணி வாளாவிருந்த தொழிலாளருள் சிலர் அன்று விழித்திருப்பர்.

பிளேக்னி சேர்ந்த அதே இடதுசாரி மரபில் இன்னொருவர் இருந்தார். பிராங்க் ஸ்காட் கவிஞர். மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த ஆசிரியர். 1933இல் ரெஜினா நகரில் அவ்வியக்கத்தின் கொள்கை அறிக்கையை வகுத்தோருள் ஒருவர். டூப்ளெசியின் ஆட்சியில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறு சமயத்தார் நூற்றுக்கணக்கில் கைதாயினர். அவர்களுக்குப் பிணை நின்றார் மாண்ட்ரியலில் உணவகம் நடத்திய ரொன்கரெல்லி. அக்குற்றத்துக்காக 1946இல் அவருடைய மது உரிமம் முதல்வரின் தூண்டுதலால் பறிக்கப்பட்டது. ஸ்காட் அவருக்காக வழக்காடினார். உரிமைச் சாசனம் எதுவும் இல்லாத அந்நாளிலேயே, அதிகாரம் உள்ளவன் தன் விருப்பப்படி எதையும் செய்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்தது. கருத்தில் தம்மோடு ஒட்டாத ஒரு சிறு கூட்டத்துக்காக நின்றவர் ஸ்காட். நாம் பிளேக்னியின் கவலையை ஏற்றும் ஸ்காட்டின் பக்கமே நிற்கிறோம்.

நம் சமுதாயத்தாருக்கும் இங்கு ஒரு சொல் உண்டு. கியூபெக்கில் முக்காட்டைக் கழற்றச் சொல்லும் சட்டத்தைக் கண்டிப்பவர், ஈரானில் முக்காட்டை இடச்சொல்லும் சட்டத்தை எதிர்த்து 2022இல் தெருவில் இறங்கிய பெண்களைப் பற்றி மௌனம் காத்தல் எவ்வகை நியாயம்? காவலரின் தடியால் ஏறிய முக்காடும் அதே தடியால் இறங்கிய முக்காடும் வணக்கத்தில் சேர்ந்தவை அல்ல.

2007இல் கியூபெக் அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்கு வரலாற்றறிஞர் ஜெரார் பூஷாரும் மெய்யியலறிஞர் சார்ல்ஸ் டெய்லரும் தலைமை தாங்கினர். காவலர், நீதிபதி முதலிய சிலருக்கு மட்டுமே தடை வேண்டும், ஆசிரியருக்கு வேண்டா என்று 2008இல் அவர்கள் அறிக்கை தந்தனர். 2017 ஜனவரி 29ஆம் நாள் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் இரவுத் தொழுகை முடிந்த வேளையில் ஒருவன் புகுந்து சுட்டதில் அறுவர் ஷஹீதாயினர். அதன்பின் டெய்லர், அந்தச் சிலருக்கான தடையையும் இனித் தாம் ஆதரிக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். எண்பத்தைந்து வயதில் தம் பெயரிட்ட பரிந்துரையை மீட்டுக்கொள்ளும் அறிஞரை நாம் மிகச் சிலரே கண்டுள்ளோம்.

சட்டம் நிறைவேறிய மறுநாளே வழக்குத் தொடரப்பட்டது. 2021இல் மாநில உயர் மன்றம் சட்டத்தின் கொடுமையை எடுத்துரைத்தும், 33ஆம் பிரிவு தன் கையைக் கட்டுகிறது என்று ஆங்கிலப் பள்ளிகளுக்கு மட்டும் பெரும்பாலான விலக்கை அளித்தது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு மன்றம் அவ்விலக்கையும் நீக்கிற்று. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்றுக்கொண்டது. ரொன்கரெல்லி தம் வழக்கில் வென்றபோது பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. நீதிமன்றம் அவருக்கு 33,000 டாலருக்கு மேல் இழப்பீடு தந்தது. உணவகமோ உரிமம் போன சில மாதங்களிலேயே மூடப்பட்டுவிட்டது. 2019இல் மாண்ட்ரியலில் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த முக்காட்டுப் பெண்ணுக்கு நான்காண்டுப் படிப்பு எப்போதோ முடிந்திருக்கும். ஒண்டாரியோவில் ஆசிரியர் தேவை என்ற விளம்பரம் அவள் கண்ணில் பட்டிருக்கும்.