காய்ச்சல் இல்லாத இருமல்

1977 கலவரத்தில் பண்டாரவளைத் தோட்டத்து லயத்தை விட்டு நாங்கள் வவுனியாவுக்குப் போனபோது எனக்கு ஏழு வயது. 2009இல் கணவரை வன்னியில் இழந்து, மகளோடு மெனிக் பாம் முகாமுக்கு வந்தேன். அடுத்த வருடம் அத்தையின் லயத்துக்கே திரும்பினேன்.

முகாமில் ஒரு பெண்பிள்ளை கொப்பியோடு கூடாரம் கூடாரமாக வருவாள். "காய்ச்சல் இருக்கா அக்கா? இருமல் இருக்கா? எத்தனை நாளாச்சு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போவாள். மருந்து தராமல் எழுதி என்ன பயன் என்று ஒருநாள் அவளை ஏசிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகம் இன்றும் மனதில் நிற்கிறது.

அந்தக் கேள்விகளின் அர்த்தம் எனக்குப் புரிந்தது 2023இல்தான். என் பேத்திக்கு அப்போது மூன்று மாதம். மகள் கொழுந்துக்குப் போயிருந்தாள். பிள்ளைக்குத் தடிமனும் இருமலும். மருந்து எடுக்கப் போன இடத்தில் உடம்பைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லையே, வெறும் சளிதான்" என்று திருப்பி அனுப்பினார்கள். இரவானதும் பிள்ளை பால் குடிக்க மறுத்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 66 மூச்சு. பக்கத்து லயத்துத் தம்பியின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒட்சிசன் கொடுத்தார்கள். நான்கு நாளில் பிள்ளை சிரித்தது.

வார்ட்டில் இருந்த டொக்டரிடம், "காய்ச்சல் இல்லை என்றார்களே ஐயா" என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். இருமி வரும் எல்லோருக்கும் வைரஸ் பரிசோதனை செய்ய முடியாது. அதனால் அறிகுறிகளையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 38 பாகை செல்சியசுக்குக் குறையாத காய்ச்சல், இருமல், தொடங்கி 10 நாளுக்குள் என்றால் அது 'இன்புளுவென்சா போன்ற நோய்'. காய்ச்சலும் இருமலும் வந்து ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 'கடுமையான சுவாசத் தொற்று'. தெரிவு செய்த ஆஸ்பத்திரிகளில் இப்படி எண்ணுகிறார்கள். சிலரின் சளி மாதிரி பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகிறது. எந்த வைரஸ் பரவுகிறது, எப்போது கூடுகிறது என்று அதிலிருந்து தெரிகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவுகோல் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

"ஆனால் அம்மா, அது எண்ணுவதற்கான அளவுகோல். யாருக்கு வைத்தியம் செய்வது என்று தீர்மானிப்பதற்கு அல்ல" என்றார். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் கைக்குழந்தைகளின் சுவாசக் குழாயைத் தாக்கும்போது பலருக்குக் காய்ச்சலே வராதாம். அதனால் அந்த வைரஸைக் கண்காணிக்கும்போது காய்ச்சல் கட்டாயம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே வைத்திருக்கிறது. கொவிட் காலத்திலும் காய்ச்சல் இல்லாத நோயாளர் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

முகாமில் வந்த அந்தத் தங்கச்சியை அப்போது நினைத்தேன். நெருக்கமாகக் கிடந்த எங்களிடையே ஒரு நோய் கிளம்பினால் அதை முதலில் காட்டக்கூடியது அவளுடைய கொப்பிதான். அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. இப்போது மருத்துவமாது வந்து கேட்டால் நாளும் நேரமும் சரியாகச் சொல்கிறேன்.

சகோதரிகளே, உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் சலிக்காமல் பதில் சொல்லுங்கள். ஆனால் "காய்ச்சல் இல்லை" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணை எட்டினாலோ, நெஞ்சு குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உதடு நீலமானாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

எத்தனையோ இழந்த நாம் கவனக்குறைவால் இன்னொன்றை இழக்கக் கூடாது.