நிழல்கள் முன்னே வந்த காலம்

1959இல் அமெரிக்காவிலிருந்து லண்டனுக்கு ஒரு சிவப்பு கிடார் வந்து சேர்ந்தது. வரவழைத்தவர் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட். வாசிக்கப்போகிறவர், மேடையில் அவருக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்த ஹாங்க் மார்வின் என்ற பதினேழு வயதுப் பையன். டாலர் தட்டுப்பாட்டால் 1951 முதலே அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்கு பிரிட்டனில் கட்டுப்பாடு இருந்தது. ஜேம்ஸ் பர்ட்டன் என்ற அமெரிக்கக் கலைஞரின் வாசிப்பில் மயங்கிக் கிடந்த மார்வினுக்கு, அவர் கையில் இருப்பது ஃபெண்டர் கிடார் என்பது மட்டும் தெரியும். எந்த ரகம் என்று தெரியாது. அவ்வளவு நன்றாக வாசிப்பவர் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் வைத்திருப்பார் என்று நினைத்து, விலைப்பட்டியலைப் புரட்டி ஸ்ட்ராடோகாஸ்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். பர்ட்டன் வாசித்ததோ டெலிகாஸ்டர்.

அந்தத் தவறான ஊகம் பிரிட்டனின் இசைக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். டெலிகாஸ்டரில் இல்லாத ஒன்று ஸ்ட்ராடோகாஸ்டரில் இருந்தது. தந்திகளைத் தாங்கும் கட்டையிலிருந்து நீளும் ஒரு மெல்லிய கைப்பிடி. உள்ளங்கையால் அதை லேசாக அசைத்தால் சுரம் நடுங்கும். இறங்கி மறுபடி ஏறும். மனிதக் குரலில் வரும் அசைவு தந்தியிலும் வந்தது. ஜோ பிரவுன் என்ற இன்னொரு கிடார்காரர், தனக்குப் பிடிக்காத இத்தாலிய எதிரொலிப் பெட்டி ஒன்றை மார்வினிடம் கொடுத்தார். கென்ட் வட்டாரத்து டார்ட்ஃபோர்டில் தயாரான வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்துகொண்டது. சிவப்பு கிடார், எதிரொலிப் பெட்டி, வாக்ஸ் ஆகிய மூன்றும் கூடியபோது, பாடகர் இல்லாமலேயே ஒரு குரல் பிறந்துவிட்டது.

மார்வினும் அவருடைய பள்ளித் தோழர் புரூஸ் வெல்ச்சும் நியூகாசிலிலிருந்து 1958இல் லண்டனுக்கு வந்தபோது இருவருக்கும் பதினாறு வயது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாடகர் லானி டோனகனின் பாட்டு ஒன்று கிளப்பிவிட்ட ஸ்கிஃபிள் அலையில், துணி துவைக்கும் பலகையும் தேயிலைப் பெட்டியுமே வாத்தியங்களாக ஊருக்கு ஊர் குழுக்கள் முளைத்திருந்தன. கட்டாய ராணுவச் சேவையும் அந்த வயதுப் பையன்களுக்கு இல்லாமல் போயிருந்தது. முன்னவர்கள் இரண்டு ஆண்டுகளைப் படைமுகாமில் கழித்த பருவத்தை இவர்கள் லண்டனின் சோஹோவில், 'டூ ஐஸ்' காபிக் கடையின் நிலவறையில், வியர்வையும் புகையுமாகக் கழித்தார்கள். ரிச்சர்டின் பக்கவாத்தியக் குழுவுக்கு ஆள் தேடியவர்கள் அவர்களைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். அமெரிக்காவில் ஏற்கெனவே 'டிரிஃப்டர்ஸ்' என்றொரு குழு இருந்ததால் இவர்களுக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. பேஸ் கிடார் வாசித்த ஜெட் ஹாரிஸ் சொன்ன பெயர் 'ஷாடோஸ்'. நிழல்கள். பாடகருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

சுற்றுப்பயணப் பேருந்தில் ஜெரி லார்டன் என்ற பாடலாசிரியர் சின்னஞ்சிறு உகுலேலேயில் ஒரு மெட்டை வாசித்துக் காட்டினார். 'அப்பாச்சி' என்ற திரைப்படத்தைப் பார்த்து அவர் மனதில் எழுந்த மெட்டு அது. கிடார் கலைஞர் பெர்ட் வீடன் அதை முன்பே பதிவு செய்திருந்தார். ஆனால் இசைத்தட்டு வெளிவந்திருக்கவில்லை. 1960 ஜூனில் அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் நிழல்கள் அதை வாசித்தார்கள். தொடக்கத்தில் கேட்கும் சீன முரசைத் தட்டியவர் கிளிஃப் ரிச்சர்டேதான். ஆகஸ்டில் அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறி ஐந்து வாரம் அங்கேயே நின்றது. அது கீழே இறக்கியது ரிச்சர்டின் பாட்டை. அந்தப் பாட்டுக்கு வாசித்திருந்தவர்களும் இவர்களேதான்.

இன்றைக்கு அதைக் கேட்பவருக்கும் முதலில் தோன்றுவது அதன் நிதானம். வேகவிரல் வித்தை எதுவும் இல்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக வந்து நிற்கிறது. அதன் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்தது. பின்னால் வெல்ச்சின் தாள கிடார் குதிரைக் குளம்படியாக ஓடுகிறது. ஒருமுறை கேட்ட சிறுவன் அன்று மாலையே ஒற்றைத் தந்தியில் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்துவிட முடியும். பிரிட்டனெங்கும் அப்படித்தான் நடந்தது. வீடன் 1957இல் எழுதிய 'பிளே இன் எ டே' என்ற பயிற்சிப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு ஒரு தலைமுறையே கிடார் கற்றது என்றால், கற்றவர்கள் உடனே வாசிக்க ஆசைப்பட்டது மார்வின் வாசித்ததைத்தான்.

ஆனாலும் அவர்களுடைய சிகரம் 'அப்பாச்சி' அல்ல, 1962இல் வந்த 'வொண்டர்ஃபுல் லேண்ட்'. அதுவும் லார்டனின் மெட்டு. தயாரிப்பாளர் நாரி பாரமோர் வயலின்களையும் கொம்பு வாத்தியத்தையும் சேர்த்தபோது கிடாரின் குரல் இன்னும் அகன்றது. எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த அந்த இசையில் ஏக்கமும் மகிழ்ச்சியும் பிரித்தெடுக்க முடியாமல் கலந்திருக்கின்றன.

அதே ஆண்டு ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. வடக்கு லண்டனில் 304, ஹாலோவே ரோடு. கீழே தோல்பொருள் கடை, மேலே ஜோ மீக் என்ற தனியாளின் ஒலிப்பதிவுக் கூடம். மீக்குக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. மனதில் தோன்றிய மெட்டை முனகித்தான் காட்டுவார். கிரேட் யார்மத் கடற்கரை ஊரில் பாடகர் பில்லி ஃபியூரிக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த 'டொர்னேடோஸ்' குழுவை இடையில் வரவழைத்து, அந்தச் செயற்கைக்கோளின் பெயரிலேயே 'டெல்ஸ்டார்' என்ற இசையைப் பதிவு செய்தார். கிளாவியோலின் என்ற மின்விசைப்பலகை மெட்டைச் சொல்ல, நடுவில் ஆலன் கேடியின் கிடார் வந்து அதை ஏந்திக்கொள்ளும். அந்த டிசம்பரில் அது அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. பீட்டில்ஸுக்கு முன்பே அங்கே கொடி நாட்டிய பிரிட்டிஷ் குழு இதுதான். மெட்டு தன்னுடையது என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கால் உரிமைத்தொகை முடங்கியது. 1967 பிப்ரவரியில் மீக் வீட்டுக்காரியைச் சுட்டுக் கொன்று தானும் மாண்டார். தீர்ப்பு சில வாரம் கழித்து அவருக்குச் சாதகமாக வந்தது. 'டெல்ஸ்டாரின்' அந்தக் குதூகலத்தை இந்த முடிவை மறந்து கேட்பது கடினம்.

1963 ஜனவரியில் ஒரு விந்தை. ஷாடோஸின் 'டான்ஸ் ஆன்' முதலிடத்தில் இருந்தது. அதை இறக்கியது, குழுவை விட்டு விலகியிருந்த ஹாரிஸும் டிரம்ஸ் கலைஞர் டோனி மீஹானும் சேர்ந்து வாசித்த 'டயமண்ட்ஸ்'. அதில் தாள கிடார் வாசித்த இளைஞர் பின்னாளில் லெட் செப்பலின் குழுவைத் தொடங்கிய ஜிம்மி பேஜ். மார்ச்சில் 'ஃபுட் டாப்பர்' முதலிடம் தொட்டது. ஷாடோஸுக்கு அதுவே கடைசி. மே மாதம் லிவர்பூல் பையன்களான பீட்டில்ஸ் வந்துவிட்டார்கள். அவர்கள் பாடிக்கொண்டே வாசித்தார்கள். பின்னால் நிற்பவர், முன்னால் நிற்பவர் என்ற பிரிவே போய்விட்டது. ஆனால் 1961இல் ஹாம்பர்க்கில் ஹாரிசனும் லெனனும் சேர்ந்து செய்த ஒரு வாத்திய இசைக்கு 'க்ரை ஃபார் எ ஷாடோ' என்று பெயர். அவர்களும் ஒருகாலத்தில் இந்த நிழலில் நின்றவர்களே.

சிவப்பு கிடார் வேண்டுமென்று தந்தையிடம் அடம்பிடித்த சிறுவன் மார்க் நாஃப்ளரில் தொடங்கி, கனடாவின் நீல் யங், பிர்மிங்காமின் டோனி அயோமி வரை கிடார் கலைஞர்கள் பலர் 1996இல் ஒரே இசைத்தட்டில் மார்வின் வாசித்த மெட்டுகளை அவருக்குக் காணிக்கையாக வாசித்தார்கள். 'ஃபுட் டாப்பர்' பிபிசி ரேடியோ 2இல் 'சவுண்ட்ஸ் ஆஃப் தி சிக்ஸ்டீஸ்' நிகழ்ச்சியின் அடையாள இசையாகப் பல ஆண்டுகள் ஒலித்தது. தொகுப்பாளர் பிரையன் மேத்யூவின் குரலோடு சேர்ந்து, சனிக்கிழமைக் காலைகளில், தேநீர் கொதிக்கும் சமையலறைகளில்.